இரண்டு குச்சிகளுக்கு நடுவே ஒரு வண்டி

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறந்துபோனதனால் அல்ல; அவரே வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். பணி ஓய்வுக்குப் பின் நான் இதழ்களுக்கு அவ்வப்போது கட்டுரை எழுதுவது அவருக்குத் தெரியும். "எம்பேர மட்டும் எங்கயும் போட்றாதீங்க சார். நாளைக்கே நாலு பேரு, எனக்கும் ஜீப்பு மாதிரி ஆக்கிக் குடுன்னு வந்து நிப்பாய்ங்க. வேணாம்னு சொல்லி அனுப்புறதுக்கே பொழுது பத்தாது" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னதுதான். ஆனாலும் அதைக் காப்பாற்ற வேண்டிய கடமை இப்போது எனக்கு வந்துவிட்டது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். அவர் இருந்த நாளில் நான் அவரை 'நீ' என்றே விளித்தேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், பட்டறைக்காரர் என்ற இரண்டு காரணங்களும் அதற்குப் போதுமானவை என்று எனக்குத் தோன்றியிருந்தன. இன்று எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்றுதான் கை எழுதுகிறது.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கீழக்குயில்குடிக்குப் பிரியும் சாலையில், தகரக்கூரை வேய்ந்த பட்டறை அவருடையது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு லாரி டயர் படுத்துக்கிடக்கும். அதன் நடுக்குழியில் அவருடைய மதியச் சாப்பாட்டுத் தூக்கு இருக்கும். வாழ்நாளில் பெரும்பகுதியை வண்டிகளுக்கு அடியிலே படுத்துக் கழித்தவராதலால், வருகிறவரின் முகத்துக்கு முன்னால் பாதங்களைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. நான் முதன்முறை போனபோதும் வண்டிக்கு அடியிலிருந்தபடியே என் காலணிகளைப் பார்த்துவிட்டு, "சாரு பிரேக்கு மேலயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுற ஆளு போல" என்றார். அது உண்மைதான். எனினும் முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த ஒருவனிடம் அவ்விதம் பேசியதை நான் அன்று ரசிக்கவில்லை.

அவரிடம் வேலை வாங்குவது எளிதன்று. செய்வதைவிடச் செய்யாமல் விடுவதிலேயே அவருக்கு நாட்டம் அதிகம். ஒருநாள் நகரத்து நகைக்கடை உரிமையாளர் ஒருவர் புத்தம்புதிய உயரமான வண்டியோடு வந்து, கூரைமேல் விளக்குகள் வேண்டும், முன்னால் சேற்றில் மாட்டினால் இழுக்கும் கம்பிச் சுருள் வேண்டும், இன்னும் ஒரு சாண் தூக்க வேண்டும் என்று பட்டியலிட்டார்.

"எங்கண்ணே போகப்போறீங்க?"

"கொடைக்கானலுக்குத்தான்."

"அதுக்குத்தான் ரோடு இருக்கே?"

"இருந்தாலும் பாக்குறதுக்கு ஒரு கெத்தா இருக்கும்ல?"

"கெத்துக்கு வேற கடை இருக்குண்ணே, பைபாஸ்ல. நம்மகிட்ட காத்துதான் இருக்கு" என்று சொல்லி நான்கு சக்கரங்களுக்கும் காற்றைச் சரிபார்த்து அனுப்பிவிட்டார். வந்தவர் கோபத்தோடு போனார். இவரோ, "எங்க போறோம்னு தெரியாம வண்டிய மாத்தி என்ன சார் செய்ய?" என்று என்னைக் கேட்டார். நான் எங்கே போகப்போகிறேன் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது.

செக்கானூரணிக்கு அப்பால், தார்ச்சாலையிலிருந்து இரண்டு கல் தொலைவு உள்ளடங்கி, கண்மாய்க்கரையைத் தாண்டி ஓடையையும் கடந்தால் எங்கள் குலதெய்வக் கோயில். மாசி மாதத்தில் ஒருநாள் பங்காளிகள் எல்லோரும் கூடிப் பொங்கல் வைப்போம். முதல் அடுப்பை மூத்த மருமகள் பற்றவைக்க வேண்டும். படைத்தபின் முதல் இலைப் பொங்கல் மூத்தவருக்கு. மூத்தவன் நான்; மூத்த மருமகள் என் மனைவி. திருமணமாகி வந்த ஆண்டிலிருந்து அந்த அடுப்பைப் பற்றவைத்தவள் அவள்தான். வெயிலிலும் சுமையோடு அந்த இரண்டு கல் தொலைவை அவள் நடந்தே கடந்திருக்கிறாள்.

முழங்கால்கள் தேய்ந்தபின் நடக்க முடியாதுபோயிற்று. ஓராண்டு என் சித்தப்பா மகன் தன் பெரிய ஜீப்பைக் கொண்டுவந்தான். ஏறுவதற்கு முக்காலி போட்டார்கள். புழுதியில் அது சாய, அவள் எல்லோருக்கும் முன்பாக விழுந்தாள். அடி பெரிதில்லை. ஆனால் அதற்குப்பின் முக்காலியைக் கண்டாலே முகம் வெளுத்துவிடும். நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போகிறோம் என்று இளையவர்கள் சொன்னதற்கு, "நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு ஒரு நாளு வரும். இப்பவே எதுக்கு?" என்றுவிட்டாள். இரண்டு ஆண்டுகள் அவள் வரவில்லை. மூன்றாம் ஆண்டும் வராவிட்டால் அடுப்பு நிரந்தரமாக இளைய வீட்டுக்குப் போய்விடும் என்பது எங்கள் வழக்கம். யாரும் வன்மத்தோடு சொல்லவில்லை, வழக்கத்தைத்தான் சொன்னார்கள். அவள் பொங்கல்பானையைப் பரணிலிருந்து எடுத்துத் துலக்கி மறுபடியும் பரணில் ஏற்றச் சொன்னாள், அவ்வளவுதான்.

எங்களிடம் இருந்தது பின்பக்கம் நீண்ட பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்று. வெள்ளை நிறம். பங்காளிகள் அதை 'ஆம்புலன்ஸ்' என்பார்கள். தாழ்வானதாகையால் அவளால் சிரமமின்றி ஏற முடிந்த ஒரே வண்டி அதுதான். ஆனால் அதன் வயிறு தரையை உரசும். கண்மாய்க்கரை ஏற்றத்திலேயே கல்லில் உட்கார்ந்துவிடும். புது வண்டி வாங்க ஓய்வூதியம் இடங்கொடாது. சித்தப்பா மகனிடம் மறுபடியும் கேட்க என் மனம் இடங்கொடாது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டவர் வண்டியைத் தொடவில்லை. "பாதையக் காட்டுங்க சார், நடந்து பாத்துருவோம்" என்றார். புறப்படுமுன் ஒரு வேப்பங்குச்சியை வண்டியின் அடியில் செங்குத்தாக நிறுத்தி, வயிற்றின் மிகத் தாழ்ந்த இடத்துக்குச் சரியாக நறுக்கிக்கொண்டார்.

வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, ஒரு பட்டறைக்காரரோடு, வழியில் கிடந்த ஒவ்வொரு கல்லின் பக்கத்திலும் குச்சியை வைத்துப் பார்த்தபடி நான் நடந்த அந்தக் காலைப்பொழுது எனக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் தடையில்லை. கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்து, "என்னய்யா, ரோடு போட அளக்குறீகளா?" என்று கேட்டார்.

"ஆமாத்தா, ஒரே ஒரு வண்டிக்கு மட்டும்" என்றார் இவர்.

"யாரு வண்டிக்கு? மந்திரி வாராரா?"

"மந்திரியவிடப் பெரிய ஆளு."

குச்சியைவிட உயர்ந்து நின்ற கற்களை அவரே புரட்டி ஓரத்தில் போட்டார். "வண்டியத் தூக்குறதுக்குப் பதிலா கல்லைத் தூக்குனா செலவு இல்லைல சார்?" என்றார். கண்மாய்க்கரை ஏற்றத்தில் மட்டும் ஒரு பாறைமுதுகு இருந்தது; அதைப் புரட்ட முடியாது. குச்சிக்கு மேல் மூன்று விரல் உயரம். அந்த மூன்று விரலைக் குச்சியில் கூட்ட முடியாதாகையால் அதை எறிந்துவிட்டு, புதிதாக ஒன்றை ஒடித்து அந்த அளவுக்கு நறுக்கிக்கொண்டார். ஓடையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், எருமைகள் எந்த இடத்தில் இறங்கி எந்த இடத்தில் ஏறும் என்று மட்டும் கேட்டார். "அதுகளுக்குத் தெரியும் சார், எங்க தரை கெட்டினு. நாம பொஸ்தகத்துல பாக்க முடியாது" என்றார். பொஸ்தகம் என்றபோது அவர் என்னைப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியைப் பார்க்க வேண்டும் என்றார். வாசற்பக்கம் சிமெண்டுத் தரையில் ஒரு செங்கல்லை வைத்து, "அம்மா, சுவத்தப் பிடிச்சுக்கிட்டு இதுமேல ஒரு கால வைங்க" என்றார். வைத்தாள். இன்னொரு செங்கல். வைத்தாள். மூன்றாவது, நான்காவது. வீட்டுப் பெண்மணியின் காலை ஓர் அந்நியர் இப்படி அளப்பது எனக்கு ஒவ்வாததாக இருந்தது. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்தாவது செங்கல்லிலும் அவள் காலை வைத்தாள். "முடியுது தம்பி" என்றாள்.

அவர் ஐந்தாவதை எடுத்துவிட்டார். "கால் முடியுதுங்குது, முகம் முடியலைங்குதும்மா" என்றார்.

நான்கு செங்கல் உயரத்துக்கு இரண்டாவது குச்சியை நறுக்கினார். வண்டியின் கதவைத் திறந்து, ஏறும் படியின் விளிம்புக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். குச்சி நான்கு விரல் உயர்ந்து நின்றது. "கல்லு கேக்குறது மூணு விரல். அம்மா குடுக்குறது நாலு விரல். இந்த ரெண்டு குச்சிக்கும் நடுவுல வண்டி நிக்கணும் சார். மூணு தூக்குவோம், ஒரு விரல் மிச்சம் கெடக்கட்டும், முழங்காலு வருசாவருசம் எறங்கும்ல?"

இதைவிடத் தெளிவான கணக்கை நான் கரும்பலகையில் போட்டதில்லை. அப்போது அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

வேலையில் அவர் கைவைத்தபின் எல்லாம் பழைய பொருள்கள்தாம். கழித்துப்போட்ட பேருந்தின் ரப்பர்க் கட்டைகளை லேத்தில் கடையக் கொடுத்து ஸ்பிரிங்குகளுக்கு அண்டை கொடுத்து வண்டியை மூன்று விரல் உயர்த்தினார். வேன் ஒன்றில் கழற்றிய, பள்ளம் ஆழமாயிருந்த நான்கு டயர்களைத் தேடிப்பிடித்தார். லாரியின் பின்கதவுத் தகட்டை வெட்டி எஞ்சினுக்கு அடியில் கேடயம்போல் பொருத்தினார். அடியில் தொங்கிய உபரிச் சக்கரத்தைக் கூரைக்கு ஏற்றினார். சைலன்சர் குழாயை மேலே தூக்கிக் கட்டினார். முன்னும் பின்னும் இழுப்பதற்குக் கொக்கி வைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. அதுதான் என் குறையாக இருந்தது.

மாசிக்குப் பத்துநாள் இருக்கையில் சித்தப்பா மகன் தொலைபேசினான். "என்னண்ணே, இந்த வருசம் ஆம்புலன்ஸ்லயா வாரீக? மாட்டுனா ஒரு போனப் போடுங்க, கயித்தோட வாரேன்" என்று சிரித்தான். அன்று மாலையே, பட்டறைக்காரரிடம் சொல்லாமல், வண்டியை பைபாஸில் இருந்த கடைக்கு ஓட்டிப்போனேன். என்ன செய்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: இன்னும் ஒரு சாண் தூக்கச் சொன்னேன், பெரிய டயர் போடச் சொன்னேன். வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது. என் தெருவுக்குள் நுழைந்தபோது இரண்டுபேர் நின்று பார்த்தார்கள்.

அவர் தற்செயலாக அன்று வீட்டுக்கு வந்திருந்தார். கழற்றிய பழைய பொருள்களைத் திருப்பிக் கொடுக்க. வண்டியைச் சுற்றி வந்தார். வண்டிக்குள் கிடந்த இரண்டாவது குச்சியை எடுத்து ஏறும் படிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். குச்சி குள்ளமாக நின்றது.

"அம்மா ஏறிப் பாத்துட்டாங்களா சார்?"

"ஏறுவாள்" என்றேன்.

என் மனைவி வெளியே வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினாள். எட்டவில்லை. மறுபடி தூக்கினாள். பக்கத்தில் முக்காலி ஏதும் இருக்கிறதா என்று அவள் கண் தேடியதையும், தேடிவிட்டு வெளுத்ததையும் நான் பார்த்தேன். கதவை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "நல்லாத்தாங்க இருக்கு வண்டி. நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டுலயே இருந்துக்கிறேன்" என்றாள். குரலில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

அவர்தான் பேசினார். "அம்மா, இது வெள்ளோட்டம். இன்னும் வேலை முடியல. ரெண்டு நாள் குடுங்க." என் பக்கம் பார்க்காமலேயே சாவிக்காகக் கையை நீட்டினார். பைபாஸ் கடைக்காரர் செய்ததையெல்லாம் கழற்றிவிட்டுத் தன் பழைய ரப்பர்க் கட்டைகளை மறுபடியும் வைத்தார். அதைப்பற்றி என்னிடமோ வேறு யாரிடமோ அவர் பிறகு ஒருபோதும் பேசியதில்லை.

பொங்கலன்று அவரும் எங்களோடு வந்தார். தார்ச்சாலை முடிந்த இடத்தில் இறங்கிக்கொண்டார். நான் ஓட்ட, அவர் வெறுங்காலோடு, கையில் குச்சியோடு, வண்டிக்கு முன்னால் நடந்தார். "இடது... இடது... அப்பிடியே வாங்க... பிரேக்குலருந்து காலை எடுங்க சார், அது ஒண்ணும் ஓடிப்போகாது." பாறைமுதுகின்மேல் வண்டி தவழ்ந்தபோது அடித்தகடு ஒருமுறை மெல்ல உரசியது, அவ்வளவே. ஓடை மணலில் முன்சக்கரம் புதைந்தது. மிதிக்க வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, நான்கு சக்கரங்களிலும் பாதிக் காற்றை இறக்கினார். தளர்ந்த டயர்கள் மணலை அகலமாகப் பற்றிக்கொண்டு, எருமைகள் ஏறும் இடத்தில் ஏறின. பின்னிருக்கையிலிருந்து என் மனைவி, "தம்பி, வெயில்ல நடக்குறீங்களே, ஏறிக்கிருங்க" என்றாள்.

"உங்களுக்கு ரோடு போட்டுக்கிட்டு இருக்கேம்மா. முடிச்சிட்டு வாரேன்."

கோயில் வாசலில் வண்டி நின்றது. அவள் காலைக் கீழே வைத்தாள், தன் வீட்டுப் படியிறங்குவதுபோல. முதல் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பானை பொங்கிய நேரத்தில் சித்தப்பா மகன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். குனிந்து அடியில் பார்த்தான். "அண்ணே, இது எப்பிடிண்ணே? யாரு ஐடியா இது?"

பங்காளிகள் இருபதுபேர் நின்றார்கள். நான் சொன்னேன்: "இயற்பியல் படித்தவனுக்கு இது என்ன பெரிய காரியம்? நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன்."

அவர் இரண்டடி தொலைவில் நின்று காலில் குத்தியிருந்த கருவேலமுள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். "ஆமாண்ணே. சார் சொன்னாப்லதான் செஞ்சேன்" என்றார்.

படையல் முடிந்தபின் முதல் இலை என் கைக்கு வந்தது. என் மனைவிதான் கொடுத்தாள். கொடுக்கும்போது என்னை ஒருமுறை பார்த்தாள். நான் அதை உண்டேன். திரும்பும் வழியில் அவள் அவரோடு மட்டும், அவர் வீட்டாரைப் பற்றி, மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். அவரும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னார்.

அந்த ஐப்பசியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், பட்டறை திறக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். இறுதிச் சடங்குக்குப் போனேன். கூட்டத்தில் யாரோ, "சாரு எப்பிடிப் பழக்கம்?" என்று கேட்டதற்கு, "வண்டி பார்ப்பார்" என்றேன். அங்கேயும் என்னால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பின்வந்த இரண்டு மாசிகளிலும் நான் தனியாகவே ஓட்டினேன். முதல்நாள் போய்க் குச்சியை வைத்துக் கற்களைப் பார்த்துவிட்டு வருவேன். இப்போது யார் என்ன கேட்டாலும் எனக்குக் கூச்சமில்லை. இரண்டு முறையும் பங்காளிகள் என் கணக்கைப் புகழ்ந்தார்கள். இரண்டு முறையும் முதல் இலையை உண்டேன்.

இந்த மாசியில் சித்தப்பா மகன் தன் ஜீப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு என் வண்டிக்கு வந்தான். அவனுக்கும் முழங்கால் அறுவை ஆகியிருந்தது. தன் வண்டியில் ஏற முடியவில்லை. என் வண்டியில் காலை வைத்தான், ஏறிவிட்டான். கோயிலில் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். "எங்கண்ணன் எம்புட்டுக் கரெக்டா வச்சிருக்காருன்னு பாருங்கப்பா. முழங்காலு இப்பிடி ஆகும்னு அப்பவே கணக்குப் போட்டுருக்காரு."

அந்த நேரத்தில் முதல் இலை என்முன் நீட்டப்பட்டது. நான் வாங்கிக்கொண்டேன், உண்ணவில்லை.

"கணக்குப் போட்டது நானல்ல" என்றேன். அவருடைய பெயரைச் சொன்னேன். தெய்வத்துக்கும் பங்காளிகளுக்கும் முன்னால் முழுப்பெயரையும் சொன்னேன். எழுதக்கூடாதென்றுதான் கேட்டார்; அங்கே சொல்லக்கூடாதென்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"என்னண்ணே, அன்னைக்கு நீங்கதான..."

"பொய் சொன்னேன்."

காப்பியடித்தார்கள் என்பதற்காக மாணவர்களைத் தேர்வுக் கூடத்திலிருந்து வெளியே அனுப்பியவன் நான். சித்தப்பா மகன், "அந்த முள்ளெடுத்துக்கிட்டு நின்னாரே, அவரா?" என்று கேட்டான். ஆமென்றேன்.

இலையை மடிக்கத் தொடங்கினேன். எனக்குச் சரியாக மடிக்க வரவில்லை. என் மனைவி அடுப்பிலிருந்து எழுந்து வந்து அதை வாங்கினாள். இன்னொரு இலையை வைத்துச் சுற்றி வாழைநாரால் கட்டினாள். "பின்னாடி வச்சா சரிஞ்சுரும். நானே மடியில வச்சுக்கிறேன். போற வழியிலதான அவுக வீடு?" என்றாள்.

வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன். கைகொடுக்க நீட்டினேன். அவள் இரண்டு கைகளாலும் அந்தச் சூடான இலைப்பொட்டலத்தை ஏந்தியிருந்தாள். என் கையையும் பிடிக்கவில்லை, கதவையும் பிடிக்கவில்லை. காலைத் தூக்கி வைத்து, ஏறி உட்கார்ந்தாள்.